முதல் தடவை மசாஜுக்குப் போகிறீர்களா?

நான் முதல் முறை போனபோது என்னை அரித்துக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான்: உடையை எவ்வளவு கழற்ற வேண்டும்? யாரிடமும் கேட்கக் கூச்சம். பேசாமல் போய்ப் படுத்தேன். தெரபிஸ்ட் முழங்கையால் தோளை அழுத்தியபோது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். மூன்று நாள் கையைத் தூக்க முடியவில்லை. தப்பில் பாதி என்னுடையது, வாயைத் திறந்திருக்கலாம். அதனால் இந்த விளக்கத்தில் எங்கெங்கே பேச வேண்டும் என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

படி 1: நேரம் குறிக்கும்போது

பெரும்பாலும் 30, 60, 90 நிமிடம் என்று இருக்கும். 30 நிமிடம் கழுத்துக்கும் தோளுக்கும்தான் காணும். முழு உடம்புக்கு 60. முதல் முறைக்கு ஸ்வீடிஷ் மசாஜ் நல்லது. எண்ணெய் தடவி நீளமாக நீவி, தசையைப் பிசைந்துவிடும் வகை அது. டீப் டிஷ்யூ உள்தசை வரை மெதுவாக, அழுத்தமாகப் போகும். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். செய்பவர் ஆணா, பெண்ணா என்ற விருப்பத்தையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

படி 2: கிளம்பும் முன்

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுப்பது பெரும்பாடு. ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். குளித்துவிட்டு, நகைகளை வீட்டில் வைத்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். மது வேண்டாம். காய்ச்சலோ தொற்றக்கூடிய தோல் நோயோ இருந்தால் வேறு நாளுக்கு மாற்றிவிடுங்கள்.

படி 3: படிவம்

உடல்நிலை பற்றி ஒரு படிவம் தருவார்கள். 'எல்லாம் இல்லை' என்று வரிசையாக டிக் அடித்துவிட்டுப் போகாதீர்கள். காலில் இரத்தக் கட்டி இருப்பவருக்கு அந்த இடத்தில் அழுத்தினால், கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு கால் மட்டும் காரணமில்லாமல் வீங்கி வலித்தால் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்குக் கொஞ்சம் அழுத்தினாலே கன்றிப்போகும். கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் எழுதுங்கள். கொட்டைகள் ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் சொல்லுங்கள்; பாதாம் எண்ணெய் பல இடங்களில் புழங்குகிறது.

படி 4: உடை

சரி, என் பழைய கேள்விக்கு வருவோம். உங்களுக்கு எது சங்கடமில்லையோ அதுவரை கழற்றினால் போதும். உள்ளாடையோடு இருக்கலாம். தெரபிஸ்ட் வெளியே போய்விடுவார். நீங்கள் உடை மாற்றி, மேசையில் படுத்து, விரிப்பால் மூடிக்கொண்ட பிறகு கதவைத் தட்டிவிட்டு வருவார். எந்தப் பகுதியில் வேலை செய்கிறாரோ அதை மட்டும் விலக்குவார், முடிந்ததும் மூடிவிடுவார். அந்தரங்க உறுப்புகளில் கை படக்கூடாது. பட்டால், அல்லது ஏதோ சரியில்லை என்று மனதுக்குப் பட்டாலே, 'நிறுத்துங்கள்' என்று சொல்லி எழுந்து வந்துவிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

படி 5: மேசையில்

குப்புறப் படுக்கும்போது முகத்தை வைக்க நடுவில் ஓட்டையுள்ள மெத்தை இருக்கும். கணுக்காலுக்கு அடியில் ஓர் உருளைத் தலையணை. மல்லாந்தால் அது முழங்காலுக்கு அடியில் போகும்.

'அழுத்தம் சரியா இருக்கா?' என்று கேட்டால் நம்மில் பலரும் 'ம், நல்லா இருக்கு' என்றுதான் முனகுவோம். அதற்குப் பதிலாக எண்ணில் சொல்லிப் பாருங்கள். 10 என்பது தாங்க முடியாத வலி என்றால் 5, 6 வரை போதும். மூச்சை அடக்குகிறீர்கள், கால்விரல்கள் தானாக மடங்குகின்றன என்றால் அழுத்தம் எல்லை தாண்டிவிட்டது. வலிக்குப் பயந்து இறுகும் தசையை எவ்வளவு அழுத்தினாலும் அது இளகிக் கொடுக்காது. குளிர்கிறதா, பாட்டு பிடிக்கவில்லையா, அதையும் சொல்லலாம். பேச்சுத்துணை அவசியமில்லை, கண்ணை மூடிக்கொண்டால் அவரே புரிந்துகொள்வார்.

வயிறு கடமுடா என்று சத்தம் போடும். உடம்பு தளரும்போது செரிமானம் சுறுசுறுப்பாகும், அவ்வளவுதான். குறட்டையும் காற்றுப் பிரிவதும்கூட அவர்களுக்கு அன்றாடம்.

படி 6: முடிந்த பிறகு

சட்டென்று எழாதீர்கள். இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், தலை சுற்றலாம். பக்கவாட்டில் திரும்பி, ஒரு நிமிடம் உட்கார்ந்து, அப்புறம் இறங்குங்கள். காலில் எண்ணெய் இருந்தால் துடைத்துக்கொள்ளுங்கள், வழுக்கும்.

'நச்சு எல்லாம் வெளியேறும், நிறையத் தண்ணீர் குடிங்க' என்பார்கள். நச்சுக் கதைக்கு ஆதாரம் இல்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. தாகமெடுத்தால் குடியுங்கள். அன்று கடினமான உடற்பயிற்சி வேண்டாம்.

ஓரிரு நாள், உடற்பயிற்சி செய்த மறுநாள் போல லேசாக வலிக்கலாம். வெந்நீரில் குளித்தால் இதமாக இருக்கும். அதற்கு மேலும் வலி நீடித்தாலோ, மரத்துப்போனாலோ, கை கால் பலவீனமாக இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். வெறும் வலிதான் என்றால் அடுத்த முறை அதே தெரபிஸ்டிடம் சொல்லுங்கள். இரண்டாவது தடவை நான் சொன்னேன். அவர் முழங்கையை எடுத்துவிட்டு உள்ளங்கையால் செய்தார்.