பைக் பழகுகிறீர்களா? மோல்மேன் சாலையில் இறங்கும் முன்

பர்மாவில் ரங்கூன் நகருக்குள் 2003லிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை. அங்கே வளர்ந்த பிள்ளைகளில் பலர் இருபது வயதாகியும் ஹேண்டிலைத் தொட்டிருக்க மாட்டார்கள். லீவுக்கு எங்கள் ஊரான மோல்மேன் வந்து இறங்கியதும் பைக் சாவி கேட்பார்கள். போன மாதம் என் அக்கா மகனும் கேட்டான். ஐந்து நாளில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை அதே வரிசையில் எழுதுகிறேன். கியர் போடுவது இதில் இல்லை, அதை யாரும் ஒரு சாயங்காலத்தில் பழக்கிவிடுவார்கள்.

படி 1: ஹெல்மெட்

"கோயில் வரைக்கும்தானே மாமா?" என்றான். கோயிலுக்குப் போகிற வழியிலும் தார்தான்டா போட்டிருக்கிறார்கள் என்றேன்.

கடையில் நிறத்தைப் பார்க்கும் முன் மாட்டிப் பாருங்கள். வாரைப் பூட்டினால் தாடைக்கு அடியில் இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது நுழையக் கூடாது. பிறகு பின் விளிம்பைப் பிடித்து முன்பக்கமாகத் தள்ளுங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. ஹெல்மெட் மரண ஆபத்தைச் சுமார் 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த கணக்கு. அது தலையில் இருந்தால்தான். போலீஸ் நிற்கும் முனை வரை முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு முழங்கை மட்டும் பத்திரம்.

படி 2: உடுப்பு

சங்கிலி உறை இல்லாத வண்டியில் கைலி வேண்டாம். பின்னால் ஒருபக்கமாக உட்காரும் பெண்கள் முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிய பிறகே வண்டி நகர வேண்டும். செருப்புக்குப் பதில் ஷூ.

படி 3: பிரேக்

இதற்கு ஒரு நாள் முழுக்கச் செலவழியுங்கள். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கெட்டித் தரையில் ஒரு செருப்பை வைத்தேன். மீட்டரில் 30 காட்டும்போது செருப்புக்கு நேராக பிரேக் பிடிக்க வேண்டும். பையன் பின் பிரேக்கை மட்டும் மிதித்தான். சக்கரம் பூட்டிக்கொண்டு, பாம்பு ஊர்ந்தது போல ஒரு கோடு. செருப்பிலிருந்து பதினைந்து தப்படி. அடுத்து இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் துணி பிழிவது போல இறுக்கச் சொன்னேன். ஒன்பது தப்படியில் நின்றது.

வேகம் குறையும்போது பாரம் முன் சக்கரத்துக்கு வருகிறது, அதனால் பிடிப்பும் அங்கேதான். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று ஊரில் பாதிப் பேர் அதைத் தொடுவதே இல்லை. ஹேண்டில் திரும்பியிருக்கும்போதும் மணல் மேலும் பிடித்தால் விழுவோம், உண்மைதான். நேராகப் போகும்போது அதுதான் உயிர் காக்கும்.

கூடவே ஒரு கணக்கு: 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீட்டர், 60ல் கிட்டத்தட்ட 17 மீட்டர். பிரேக்கில் கை படும் முன்பே இவ்வளவு தூரம் போயிருப்போம்.

படி 4: ஸ்டீரிங் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

நம் ஊருக்கே உரிய சங்கடம் இது. 1970 டிசம்பரில் பர்மாவில் போக்குவரத்து இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களில் ஸ்டீரிங்கும் வலது பக்கம்தான். டிரைவர் சாலையோரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார், நடுச்சாலை அவருக்கு எட்டத்தில்.

எதிரே ஒரு லாரி, அதற்குப் பின்னால் ஒரு கார் என்று வையுங்கள். முந்த வழி இருக்கிறதா என்று பார்க்கவே அந்த டிரைவர் காரில் பாதியை நம் பாதைக்குள் நீட்ட வேண்டும். இடது சீட்டில் இருப்பவர் "போகலாம்" என்றால் போவார். அவர் கண் தேடுவது எதிரே வரும் பஸ்ஸை, பைக்கை அல்ல. ஆகவே எதிரில் லாரி தெரிந்தால் நடுக்கோட்டை விட்டு விலகுங்கள், ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துங்கள், பகலிலும் விளக்கைப் போடுங்கள்.

நாம் காரை முந்தும்போது இடது பக்கமாகப் போகிறோம், அவருக்குக் குருட்டுப் பக்கம் அதுவே. கண்ணாடியில் அவர் முகம் நமக்குத் தெரியாவிட்டால் நாமும் அவருக்குத் தெரியவில்லை. ஹார்ன் அடித்து, ஒரு நொடி பொறுத்துப் போங்கள்.

நிற்கும் காரில் சாலைப் பக்கம் திறப்பது டிரைவர் கதவு அல்ல, பக்கத்து சீட்டுக் கதவு. அங்கே இருப்பவர் பின்னால் பார்க்க மாட்டார். எனக்குத் தோள் எலும்பு முறிந்தது அப்படித்தான். கறிகாய்க் கூடையோடு ஒரு பாட்டி இறங்கினார், நான் கூடைக்குள் விழுந்தேன். அன்றிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளியே போகிறேன்.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் குழு லாஸ் ஏஞ்சல்ஸில் 900 விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981ல் அறிக்கை வெளியிட்டது. பைக்கும் வேறு வண்டியும் மோதியவற்றில் சுமார் மூன்றில் இரண்டு பங்கில், பைக்கின் வழியை மறித்தது மற்ற வண்டிதான். ஸ்டீரிங் சரியான பக்கம் இருக்கும் ஊரிலேயே அந்தக் கதி.

படி 5: மழையும் இருட்டும்

முதல் மழையின் முதல் அரை மணி நேரம் ஏதாவது டீக்கடையில் உட்காருங்கள். சாலையில் படிந்த எண்ணெய் அப்போதுதான் மேலே வரும். தேங்கிய நீரைக் கடந்ததும் இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் போனால் ஈரம் காயும். ரயில் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காதீர்கள், நேர்குறுக்காகக் கடங்கள். 2005ல் திறந்த சல்வீன் பாலத்தில் ஆற்றுக் காற்று பக்கவாட்டில் தள்ளும், பிடியை இறுக்காமல் வேகத்தைக் குறையுங்கள்.

ஊருக்குத் தெற்கே முடோன் பக்கம் இருட்டில் போகாமல் இருப்பது நல்லது. பின்விளக்கே இல்லாத தோலாஜி எனும் டிராக்டர் வகைச் சரக்கு வண்டிகளும் மாட்டு வண்டிகளும் பத்து மீட்டர் கிட்டே போன பிறகுதான் கண்ணில் படும்.

படி 6: யாராவது விழுந்து கிடந்தால்

முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள். கை கால் பிடித்துத் தூக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சு விடுகிறவரின் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், கழுத்து அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். உங்கள் பேட்டையின் பரஹித சங்கத்து (தொண்டு அமைப்பு) ஆம்புலன்ஸின் தொலைபேசி எண்ணை இன்றைக்கே போனில் போட்டு வையுங்கள்.

அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத்தான் தெரியும், உள்ளே நுரை நசுங்கியிருக்கும். தம்பிக்கு ஆகும் என்று எடுத்து வைக்காமல், வாரை அறுத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.