மூத்த கமக்காரரின் மான் காவல்

அமெரிக்காவில் வசிக்கும் என் மைத்துனர் ஊருக்கு வந்திருந்தபோது, குறுக்குவில் பற்றிப் பேச்சு எழுந்தது. துவக்கைப் போலத் தோளில் அணைத்து, விசையை அழுத்தி எய்யும் வில் அது. விஸ்கொன்சின் மாநிலத்தில் 65 வயதைக் கடந்தவர்கள் வில்வேட்டைக் காலத்தில் அதைக் கொண்டு மான் வேட்டையாட முன்பே அனுமதி இருந்தது என்றும், 2014-இல் அது எல்லா வயதினருக்கும் பொதுவாயிற்று என்றும் அவர் விளக்கினார். சாதாரண வில்லில் நாணை இழுத்து, மான் திரும்பும் வரை கையாலேயே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தோள்மூட்டுத் தேய்ந்தவருக்கு அது இயலாது. குறுக்குவில்லில் இழுத்த நாணைக் கொளுவி தாங்கிக்கொள்கிறது. எனினும் அதை ஏற்றுவதற்கு 150 இறாத்தலுக்கும் மேற்பட்ட விசை தேவைப்படுவதால், பாரத்தைப் பாதியாக்கும் கயிறோ சுழற்றும் கைப்பிடியோ இல்லாமல் முதியவர் அதை ஏற்ற முடியாது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த வன்னியின் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "அப்ப எங்களுக்கும் ஒண்டு அனுப்பிவிடு தம்பி" என்றார். சிரித்தோம், ஆனால் பதில் தெளிவாகவே இருக்க வேண்டும். இலங்கையில் 1937-ஆம் ஆண்டின் வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி புள்ளிமானையோ மரையையோ கொல்வது குற்றம். கையில் இருப்பது வில்லா, இடியன் துவக்கா, கண்ணியா என்பதோ, பிடித்தவரின் வயது என்ன என்பதோ அதை மாற்றாது. ஆகவே நமது முதியவர்களுக்கு உரிய கேள்வி, மானைக் கொல்லாமல், தேய்ந்த முழங்காலோடு, உழுந்தையும் கௌபியையும் எவ்வாறு காப்பது என்பதுதான். அதற்குக் குறுக்குவில்லிடமிருந்து ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: உடல் செய்ய முடியாத வேலையைக் கருவியிடம் ஒப்படைக்க வேண்டும்.

முதலில் வந்தது மான்தானா என்று பகலில் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால், அது கடித்த தளிரின் நுனி கிழிந்து நார் நாராக நிற்கும். முயல் கடித்த தண்டோ கத்தியால் சாய்வாக வெட்டியது போல இருக்கும். மண் கிளறப்பட்டுப் புரண்டிருந்தால் வந்தது பன்றி. வரம்பின் ஈரமண்ணில் கூரிய இரு பிளவுகளாகப் பதிந்த குளம்புத் தடம் எந்தப் பக்கத்திலிருந்து கமத்துக்குள் நுழைகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு தடியை நட்டுவையுங்கள். மான்கள் பெரும்பாலும் பழகிய தடத்தையே விரும்புவதால், காவலின் பெரும்பகுதியை அங்கே குவிக்கலாம்.

வேலியைப் பொறுத்தவரை, காய்ந்த கிளைகளால் கட்டிய அலம்பல் வேலி நாலடி உயரத்தில் நின்றால் புள்ளிமான் அதைத் தாண்டிவிடும். ஏழெட்டு அடிக்கு உயர்த்த வசதியில்லாதவர்கள், முல்லைத்தீவுக் கரையோரத்தில் கிடைக்கும் பழைய மீன்வலையை உயர்ந்த கம்புகளில் கட்டி, உட்புறம் தெரியாதவாறு பழைய சீலைகளைத் தொங்கவிடலாம். விழப்போகும் நிலத்தைக் காண முடியாத இடத்தில் மான் பாயத் தயங்கும். வலை தொய்வின்றி இறுக்கமாக இருக்க வேண்டும். மின்கம்பத்திலிருந்து நேரடியாக வயர் இழுத்து வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதையும், கட்டுத்துவக்கு (கயிற்றில் தட்டுப்பட்டால் தானே வெடிக்கும் துவக்கு) வைப்பதையும் ஒருபோதும் செய்யாதீர்கள். இரவில் மாடு தேடி வரும் அயலவரையும் அவை கொல்லும்.

இனி முக்கியமான கருவி, தகரப்பேணி கட்டிய இழுகயிறு. குடிலிலிருந்து மான் நுழையும் பக்கம் வரை நைலோன் கயிற்றைக் கம்புக்குக் கம்பு இரும்பு வளையத்தின் ஊடாகக் கொண்டுசென்று, பத்து அடிக்கு ஒன்றாகப் பால்மா அல்லது மீன் தகரப்பேணிகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கட்டி, ஒவ்வொன்றினுள்ளும் நாலைந்து கூழாங்கற்களைப் போடுங்கள். கயிற்றின் கடைசி முனையை ஒரு வளையும் தடியில் கட்டினால், நீங்கள் இழுத்து விட்டதும் தடி மீண்டும் நிமிர்ந்து இரண்டாவது தடவையும் பேணிகளைக் குலுக்கும். ஒரு கையால், பாயிலிருந்து எழும்பாமலே இழுக்கலாம். வளையங்களைத் தவிர்த்துக் கம்பில் நேராகச் சுற்றினால் கயிறு உராய்ந்து இறுகிவிடும். முதல் வருடம் நான் செய்த பிழை அதுதான், விடியும்போது தோள்தான் வலித்தது, பேணிகள் அசையவில்லை. மான் எந்த ஓசைக்கும் சில நாட்களில் பழகிவிடும் என்பதால், நாலு நாளுக்கு ஒரு தடவை பேணிகளை இடம் மாற்றுங்கள். சில இரவுகளில் ஒன்றும் இழுக்காமல் ரோச் லைற்றைப் பாய்ச்சிக் குரல் கொடுங்கள். வெளிச்சம் மட்டும் போதாது, மான் அதைப் பார்த்துத் திகைத்து நிற்கும். கள்ள வேட்டைக்காரர் பயன்படுத்துவதும் அந்தத் திகைப்பைத்தான்.

பரண் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுவர். கணு விட்ட மரத்தில் காலூன்றி இருட்டில் ஏறுவது இளைஞருக்கு உரியது. முதியவர் அகன்ற படிகளும் கைபிடியும் உள்ள தாழ்ந்த பரணைப் போட்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிட வேண்டும். யானை நடமாடும் கமங்களில் தாழ்ந்த பரண் ஆபத்தானது. அங்கே முதியவர் காவலுக்குத் தனியே போகக்கூடாது, யானைவெடி தேவையானால் வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்க வேண்டும். நித்திரை குறைந்த வயது என்பது இங்கே ஓர் அனுகூலம்: மான்கள் மாலை மங்கும் வேளையிலும் விடிய முன்னரும் அதிகமாக மேய்வதால், அதிகாலை முறையைப் பெரியவர்களுக்கு ஒதுக்கலாம். நீரிழிவு உள்ளவர் சீனியோ பிஸ்கற்றோ மடியில் வைத்திருக்க வேண்டும். கண்ணாடிவிரியன் வரம்பில் கிடக்கும் என்பதால், இறங்கும் முன் நிலத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, மூடிய சப்பாத்து அணிய வேண்டும்.

விரட்டிய மானைத் தொடர்ந்து காட்டுக்குள் போகாதீர்கள். கண்ணிவெடி இருப்பதை எச்சரிக்கும், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் இன்னும் நிற்கும் இடங்கள் வன்னியில் உண்டு. பலகை விழுந்துபோன இடம் அதைவிட மோசம்.

காலபோக அறுவடை முடிந்ததும் இழுகயிற்றையும் வலையையும் அவிழ்த்துச் சுருட்டி, குடிலின் முகட்டில் ஏற்றிவிடுங்கள். வெறும் நிலத்தில் விட்ட வலையில் ஒரு கலைமான் கொம்பு சிக்கினால், விடியும்போது அது இறந்து கிடக்கும். கமம் உங்களுடையது என்பதால், விசாரணைக்குப் பதில் சொல்வதும் நீங்களே.