வைஃபைக்குப் பூட்டு, மொபைல் டேட்டாவுக்குத் திறந்த வாசல்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். ரவுட்டரைச் சுவரில் மாட்டி முடித்ததும், பிள்ளைகள் இரவில் போன் பார்க்காதபடி இதில் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்காத வீடு இப்போது குறைவு. பலர் ஏற்கெனவே ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு, அது காவல் காக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். அதே நம்பிக்கையில் நானும் ஓராண்டைக் கழித்தவன். போனைத் திறக்கும் பின் நம்பராக (PIN) பிள்ளைக்குத் தெரிந்த எண்ணை வைக்காதீர்கள் என்பது போன்ற பாலபாடங்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

வைஃபையை மட்டும் பூட்டுவது

பெற்றோர் கட்டுப்பாடு என்ற பெயரில் கிடைப்பவற்றில் ஒரு வகை ரவுட்டரில் இயங்குகிறது. இன்னொரு வகை பிள்ளையின் போனுக்குள்ளேயே இயங்குகிறது. ரவுட்டரில் இருப்பது, தன் வழியாகப் போகும் இணையத்தை மட்டுமே தடுக்கும். பிள்ளை வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவைப் போட்ட நொடியில், போன் நேராக டவருடன் பேசத் தொடங்கிவிடுகிறது. அதன்பின் நடக்கும் எதுவும் ரவுட்டருக்குத் தெரியாது.

இது தெரிந்தும் ஏமாந்ததுதான் எனக்கு இன்றும் எரிச்சல். ஆண்டுச் சந்தா கட்டும் விலை உயர்ந்த ரவுட்டர் ஒன்றை வாங்கி, பத்தாம் வகுப்புப் படித்த மகனின் போனுக்கு இரவு 9.30 மணியோடு வைஃபை நிற்கும்படி அமைத்தேன். ரவுட்டர் செயலியில் அவன் போனின் பெயர் சரியாக அந்த நேரத்தில் சாம்பல் நிறமாவதைத் தினமும் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். காலையில் அவன் சிவந்த கண்களோடு எழுந்தபோது கண் மருத்துவரிடம்கூட அழைத்துப் போனேன். ஒரு நாள் ஓடிபி ஒன்றைத் தேடி அவன் போனை வாங்கிப் பார்த்தால், அன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்தது என்ற குறுஞ்செய்திகள் வரிசையாகக் கிடந்தன: இரவு 11.20, 11.45, சில நாட்களில் நள்ளிரவு கடந்து 1.10. தினசரி 1.5 ஜிபி தீர்ந்த பிறகும், பன்னிரண்டு மணிக்குப் புதிய ஒதுக்கீடு வருமே என்று விழித்திருந்திருக்கிறான். அந்த சிம் என் பெயரில் இருந்தது, ரீசார்ஜ் செய்ததும் நான்தான். பூட்டுக்கும் நானே காசு கொடுத்து, புழக்கடை வாசலுக்கும் நானே காசு கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் வியாசர்பாடியில் ஓர் அம்மா, "அண்ணே, பத்து மணிக்கு வைஃபை கட் ஆவுது, ஆனா இவன் மட்டும் வீடியோ பாத்துனே கீறான், பொட்டி ரிப்பேரா?" என்று கேட்டபோது, பெட்டியில் பழுதில்லை என்று சொல்வதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனவே கட்டுப்பாடு போனில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் கூகுளின் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஆப்பிளின் ஸ்க்ரீன் டைம் ஆகியவை, இணையம் வைஃபையில் வருகிறதா டேட்டாவில் வருகிறதா என்று பார்ப்பதில்லை. ஏற்கெனவே விதித்த நேர வரம்பு இணையம் இல்லாதபோதும் நிற்கும். ஆனால் உங்கள் போனிலிருந்து இன்று செய்யும் மாற்றம், பிள்ளையின் போன் இணையத்தில் இணைந்த பிறகே போய்ச் சேரும். ஃபேமிலி லிங்கின் இணையதள வடிகட்டி குரோம் உலாவிக்கானது என்பதால், வேறு உலாவிகளையும், தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் செயலிகளையும் உங்கள் அனுமதியின்றி நிறுவ முடியாதபடி செய்யுங்கள். அமைத்து முடித்ததும் வைஃபையை அணைத்து, டேட்டாவில், தடுத்த தளம் ஒன்றைப் பிள்ளையின் போனிலேயே திறந்து பாருங்கள். ரவுட்டர் கட்டுப்பாடு வீண் என்று சொல்லவில்லை. சிம் இல்லாத டிவிக்கும் மடிக்கணினிக்கும் அது நன்றாகவே பயன்படும்.

டிஎன்எஸ் எல்லாவற்றையும் தடுக்கும் என்று நினைப்பது

டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை அதன் முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020இல் குடும்பங்களுக்காக வெளியிட்ட 1.1.1.3 என்ற டிஎன்எஸ் முகவரியை ரவுட்டரில் இட்டால், வைஃபையில் ஆபாசத் தளங்கள் பெரும்பாலும் திறக்காது. டேட்டாவிலும் அது வேண்டுமானால், ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் பிரைவேட் டிஎன்எஸ் அமைப்பில் போட வேண்டும். அங்கே இந்த எண் செல்லாது, சேவையின் டிஎன்எஸ் பெயரைத்தான் கேட்கும். பலர் எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துவிட்டுக் கைவிடுகிறார்கள். டிஎன்எஸ் தளத்தை முழுதாகத் தடுக்குமே தவிர, யூடியூபில் ஒரு குறிப்பிட்ட வீடியோவை மட்டும் தடுக்காது, நேரக் கணக்கும் வைக்காது.

ரவுட்டர் பட்டியலில் 'புதிய சாதனம்'

அது பெரும்பாலும் உங்கள் பிள்ளையின் அதே போன்தான். வைஃபையில் போனை அடையாளம் காட்டும் மேக் முகவரியின் அமைப்பை மாற்றினால், ரவுட்டருக்கு அது வேறு சாதனமாகத் தெரியும்.

பேட்டரி சிக்கனம்

கட்டுப்பாட்டுச் செயலிக்கு மட்டும் அதை அணைத்து வையுங்கள். இல்லையெனில் சில போன்கள் அதைப் பின்னணியில் நிறுத்திவிடும்.

பாட்டியின் போன்

பிள்ளை அதை எடுத்துப் பார்க்காதபடி அதற்கும் பின் நம்பர் வையுங்கள்.