பக்கத்து நிலத்தில் அப்பார்ட்மெண்ட் வருகிறதா? யாரிடம், எப்படி, என்ன கேட்பது

பெங்களூரு பக்கத்து ஆனேக்கல் தாலூகாவில், சர்ஜாபுரம் பக்கம், ஒரு பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கன்னடத்தில் அர்ஜி (மனு) டைப் செய்து கொடுப்பதும் இங்கேதான். ராகி விளைந்த நிலம் லேஅவுட் ஆவதும், அதை ஒட்டி 14 மாடி எழும்புவதும் ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் என் கடைக்குத் தெரிந்துவிடும். நகல் எடுக்க எல்லாரும் இங்கே வந்துதானே ஆக வேண்டும்.

வருகிற அர்ஜிகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும். "எங்கள் ஊரில் பெரிய கட்டடம் வருகிறது. தண்ணீர் இல்லை, சாக்கடை இல்லை, ரோடு குறுகல், பள்ளிக்கூடத்தில் இடமில்லை. தயவுசெய்து நிறுத்தவும்." கீழே வரிசையாகக் கையெழுத்து. பிடிஓ (பஞ்சாயத்து வளர்ச்சி அதிகாரி) வாங்கி வைத்துக்கொள்வார், அத்தோடு சரி. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றிக் கொடுப்பது டி.சி. (கலெக்டர்) ஆபீஸ். லேஅவுட் பிளானுக்கு அனுமதி தருவது திட்ட ஆணையம். கழிவுநீருக்குச் சம்மதம் தருவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பள்ளிக்கூடம் பிஇஓ (வட்டாரக் கல்வி அதிகாரி) கையில். இத்தனை ஆபீஸ் விஷயத்தையும் ஒரே தாளில் எழுதினால், "இது எங்களுடையது இல்லை" என்று எல்லாருமே தள்ளிவிடலாம். அதனால் ஒரு தாளில் ஒரு விஷயம், அதற்குரிய ஆபீஸ் பெயர், மேலே சர்வே நம்பர். நான் டைப் செய்வது இப்படித்தான், எவ்வளவு வற்புறுத்தினாலும்.

முதலில் சர்வே நம்பர்

"மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற காலி நிலம்" என்று எழுதினால் எந்த ஆபீசிலும் எடுபடாது. போனில் கர்நாடக அரசின் 'திஷாங்க்' ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அந்த நிலத்தின் ஓரத்தில் நின்று திறந்தால் சர்வே நம்பர், கிராமம், ஹோப்ளி (தாலூகாவின் உட்பிரிவு) எல்லாம் வந்துவிடும். அதை வைத்து அரசின் நிலப் பதிவுத் தளமான 'பூமி'யில் ஆர்டிசியை, அதாவது நிலத்தின் உரிமை, பயிர் விவரப் பதிவைப் பாருங்கள். பஹணி என்று ஊரில் சொல்வது அதைத்தான்.

எல்லாரும் உடனே ஓனர் பெயரைத்தான் தேடுகிறார்கள். அதைவிட முக்கியம் 3வது பத்தி (காலம்). மொத்த விஸ்தீரணத்துக்குக் கீழே 'கராபு' என்று இருக்கும், அதில் ஏ ஒன்று, பி ஒன்று. ஏ கராபு என்றால் பாறை மாதிரி, பயிர் வைக்க முடியாத இடம். பி கராபு என்றால் பொது உபயோகத்துக்கு விட்டது: வண்டிப்பாதை, ராஜகாலுவே (மழைநீர் ஓடும் பெரிய கால்வாய்), சுடுகாட்டுக்குப் போகிற வழி. அது தனியார் யாருக்கும் சொந்தமில்லை, நிலத்துக்காரர் விற்கவும் முடியாது. 2 ஏக்கர் நிலத்தில் 4 குண்டா (40 குண்டா ஒரு ஏக்கர்) பி கராபு என்று பஹணியில் இருக்கும். பில்டரின் கலர் பேப்பரில் அதே இடத்தில் குழந்தைகள் விளையாடுகிற பார்க் வரைந்திருப்பார்கள். இது கிடைத்தால் உங்கள் கையில் உறுதியான ஒரு விஷயம் இருக்கிறது. தாசில்தாருக்கு, அளந்து கல் நட்டுத் தரச் சொல்லித் தனி அர்ஜி போடுங்கள்.

அப்படியே சர்வே இலாகா தளத்திலிருந்து கிராம வரைபடத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். கெரே (ஏரி), ஓடை, பழைய பாதை எல்லாம் அதில் இருக்கும். ஏ3 தாளில் எடுத்து, சம்பந்தப்பட்ட நிலத்தைச் சிவப்புப் பேனாவில் சுற்றி அர்ஜியோடு சேர்த்துக் கொடுங்கள். அதிகாரி தாளைப் படிக்கிறாரோ இல்லையோ, படத்தைப் பார்ப்பார்.

பஹணியில் இன்னும் விவசாய நிலமாகவே இருக்கிறது, ஆனால் ஜேசிபி ஓடுகிறது, வெள்ளையடித்த கல் நட்டு சைட் பிரிக்கிறார்கள் என்றால் அது ரெவின்யூ லேஅவுட், அதாவது விவசாய நிலத்தை மாற்றாமலே மனையாக விற்பது. 1964ஆம் வருட நில வருவாய்ச் சட்டத்தின் 95வது பிரிவில் கன்வெர்ஷன் (விவசாயமல்லாத உபயோகத்துக்கு மாற்றம்) ஆகியிருக்கிறதா என்று தாசில்தாரிடம் கேளுங்கள். தாமதம் வேண்டாம், ஏனென்றால் அங்கே சைட் வாங்குவது பெரும்பாலும் நம் ஆட்கள்தான். பொம்மசந்திரா, ஜிகணி கம்பெனிகளில் வேலை பார்த்து, சீட்டுப் பணத்தில் 30க்கு 40 அடி மனை வாங்கி, ரோடும் டிரைனேஜும் இல்லாமல் பிறகு அதே பஞ்சாயத்து வாசலில் வந்து நிற்பார்கள். பெரிய பிராஜெக்ட் என்றால் ரேராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலமோ 8க்கு மேல் வீடோ இருந்தால் பதிவு கட்டாயம். ரேரா தளத்தில் அந்த பிராஜெக்டின் பிளானும் அனுமதிக் கடிதங்களும் ஏற்றப்பட்டிருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தண்ணீரைக் கணக்குப் போட்டுக் கேளுங்கள்

"தண்ணீர் பற்றாக்குறை வரும்" என்று எழுதாதீர்கள். 200 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு நகரத்துக் கணக்கில் ஒரு நாளைக்கு 135 லிட்டர். பெருக்கினால் 1,08,000 லிட்டர். 6,000 லிட்டர் டேங்கர் 18 லோடு, தினமும். இதே ஊரில் குழாய்த் தண்ணீருக்கு ஜல் ஜீவன் மிஷன் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு 55 லிட்டர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். கிராம சபையில் இதைப் படித்தால் பின்வரிசையில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

அப்புறம் கேள்வி: இந்த 1,08,000 லிட்டர் எங்கிருந்து வரும்? ஆனேக்கல் தாலூகா, நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிய தாலூகாக்களின் பட்டியலில் இருக்கிறது. இங்கே புது போர்வெல் போட 2011ஆம் வருட நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி வேண்டும். "காவேரி வந்துவிடும்" என்று விற்பனை ஆபீசில் சொல்வார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய காவேரி ஐந்தாம் கட்டம், 2007இல் பெங்களூரு மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்களுக்காகப் போட்டது. உங்கள் கிராமம் அந்த 110க்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் பஞ்சாயத்து இல்லை. குடிநீர் வாரியத்தின் கடிதம் கையில் இருந்தால் காட்டட்டும், வாய்ப்பேச்சு வேண்டாம்.

நான் டைப் செய்து கொடுக்கும் தண்ணீர் அர்ஜியின் உடம்பு இவ்வளவுதான்:

"சர்வே நம்பர் இன்னதில் 200 வீடுகள் கொண்ட அடுக்குமாடி வருவதாகத் தெரிகிறது. இதன் தினசரித் தேவைக்கு எந்த நீர் ஆதாரம் காட்டப்பட்டுள்ளது? போர்வெல் என்றால் அனுமதிக் கடிதத்தின் நகல் வேண்டும். கிராமத்துக்குத் தண்ணீர் தரும் பஞ்சாயத்து போர்வெல் இந்த நிலத்திலிருந்து எத்தனை மீட்டரில் இருக்கிறது?"

கடைசிக் கேள்விதான் வேலை செய்யும். அதற்குப் பதில் சொல்ல ஒருவர் நேரில் வந்து அளந்தே ஆக வேண்டும்.

கட்டட அளவு 20,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், 2006ஆம் வருட சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி வேலை தொடங்கும் முன் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' தளத்தில் அந்த விண்ணப்பம் இருக்கும். தண்ணீர் எவ்வளவு, எங்கிருந்து, கழிவுநீர் எங்கே போகும் என்று பில்டரே எழுதிக் கொடுத்திருப்பார். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்த வகைக் கட்டடங்களுக்குப் பொதுக் கேட்புக் கூட்டம் கிடையாது. "கூட்டம் போடும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருந்தால் அஸ்திவாரம் முடிந்து இரண்டாவது மாடி கான்கிரீட் விழுந்திருக்கும்.

கழிவுநீருக்கும் இதே முறைதான். வருகிற தண்ணீரில் முக்கால் பங்குக்கு மேல் கழிவுநீராக வெளியே போகும். எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) எத்தனை கேஎல்டிக்கு (ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் லிட்டருக்கு) போடுகிறார்கள், சுத்திகரித்த தண்ணீரில் மிச்சம் எங்கே விடப்படும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வட்டார அலுவலகத்தில் கேளுங்கள். "செடிகளுக்கு விடுவோம்" என்பார்கள். மழைக்காலத்தில் செடி அவ்வளவு குடிக்காது. ராஜகாலுவேயில் விட்டு, அது கெரேயில் போய் நுரைப்பதை இந்தப் பக்கம் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ஆஸ்பத்திரி

இங்கே மட்டும் எதிர்ப்புத் தொனியை விட்டுவிட்டு, கேட்டு வாங்குகிற தொனிக்கு வாருங்கள். அனுமதி வாங்கிய லேஅவுட்டில் ரோடும் பார்க்கும் சி.ஏ. சைட்டும் ஒதுக்கி, எழுதிக் கொடுக்க வேண்டும். சி.ஏ. சைட் என்றால் அங்கன்வாடி, பள்ளி, சுகாதார நிலையம் போன்றவற்றுக்கான மனை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் கம்பி வேலி போட்டுப் பூட்டிக் கிடக்கும் சி.ஏ. சைட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அதே தெருவில் அங்கன்வாடி வாடகை அறையில் நடக்கும். "சி.ஏ. சைட் எந்த நம்பர், ஒப்படைப்புப் பத்திரம் எந்தத் தேதி, அதில் அங்கன்வாடி கட்ட என்ன தடை" என்று பிடிஓவுக்கு ஓர் அர்ஜி, பெண்கள் குழந்தைகள் நலத் துறைக்கு ஒரு நகல்.

அரசாங்கத்தின் கணக்கையே எடுத்துச் சொல்லுங்கள். 400இலிருந்து 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். சிக்கல் என்னவென்றால், பல ஆபீஸ்களில் உங்கள் ஊர் ஜனத்தொகை இன்னும் 2011 கணக்கெடுப்பில் உள்ளபடிதான் இருக்கும். அதற்குப் பிறகு வந்த லேஅவுட்டுகள் அந்தத் தாளில் இல்லவே இல்லை. அதனால் எத்தனை வீடு புதிதாக வந்தது என்று நீங்களே எண்ணிச் சேர்த்துக் கொடுங்கள். பஞ்சாயத்தின் வரி ரெஜிஸ்டரில் வீட்டு எண்ணிக்கை இருக்கிறது. கட்டட வேலைக்கு வந்தவர்களின் தகர ஷெட்டுகளையும் விடாதீர்கள். அந்தக் குழந்தைகளுக்கும் முட்டையும் தடுப்பூசியும் உண்டு.

ரோடு, பஸ், குப்பை பற்றி அதிகம் சொல்ல இல்லை. ரோடு பஞ்சாயத்தினுடையதா, ஜில்லா பஞ்சாயத்தா, பொதுப்பணித் துறையா என்று முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள். கரண்ட் விஷயத்துக்குப் புகார் போன் எண் 1912. பஸ்ஸுக்கு பிஎம்டிசிக்கு (பெங்களூரு பஸ் கழகம்) காலை நேரத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள், "பஸ் வசதி வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம்.

கிராம சபையில்

"அக்கா, நாங்க தமிழ், அங்க போய் என்ன பேசறது?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: "அண்ணா, இந்த ஊர் வோட்டர் லிஸ்ட்ல பேர் இருக்கா?" பெரும்பாலும் ஓசூரிலோ திருப்பத்தூரிலோ இருக்கும். பஞ்சாயத்தின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். இல்லாதவர் பேசினால் "நீங்க யாரு?" என்று ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவார்கள். படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். பேச்சு கலப்படக் கன்னடமாக இருந்தால் பரவாயில்லை. தாள் மட்டும் நல்ல கன்னடத்தில் இருக்கட்டும்.

இன்னொரு ரகம் உண்டு. போன வருஷம் அப்பார்ட்மெண்டில் குடிவந்தவர், இந்த வருஷம் பக்கத்தில் இன்னொன்று வரக்கூடாது என்று அர்ஜியோடு வருவார். டைப் செய்து கொடுப்பேன். ஆனால் ஊர்க்காரர்களின் கையெழுத்து இல்லாமல் போகாதீர்கள் என்றும் சொல்வேன். கோயில் தெருவில் தண்ணீர் எந்த நாள் வருகிறது என்று தெரியாதவரின் அர்ஜி சபையில் நிற்காது.

கிராம சபை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். தேதி தெரிந்தவுடன், கூட்டத்துக்கு முன்பே உங்கள் கேள்வியை எழுத்தில் கொடுத்து, நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் சத்தம் போடுவது ரொம்ப சுலபம். ஆனால் நடாவளி (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு) புத்தகத்தில் ஏறியது மட்டும்தான் மிஞ்சும். "பொதுமக்கள் தண்ணீர்ப் பிரச்னை குறித்துப் பேசினார்கள்" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். சர்வே நம்பரும் கேள்வியும் யார் எப்போது பதில் தருவது என்பதும் இருக்கும்படி அங்கேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலை வாங்கிவிடுங்கள்.

கொடுத்ததற்குச் சாட்சி

எந்த அர்ஜியும் இரண்டு பிரதி. உங்கள் பிரதியில் சீல், தேதி, உள்வரவு எண் மூன்றும் விழ வேண்டும். சீல் போட மறுத்தால் சண்டை வேண்டாம், அதே தாளை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெயரில் மட்டும் போகாதீர்கள். தெருவிலிருந்து பத்துப் பேராவது கையெழுத்துப் போடுங்கள், வோட்டர் கார்டு நம்பரோடு. தனி ஆள் என்றால் ராத்திரி போன் வரும், "தம்பி, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று அன்பாக ஆரம்பிக்கும்.

பதில் வரவில்லையா, தகவல் உரிமைச் சட்டம் 2005. கர்நாடகத்தில் 10 ரூபாய் கட்டணம், ஒரு விண்ணப்பத்தில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "இன்ன தேதி, இன்ன உள்வரவு எண் கொண்ட அர்ஜியின் மேல் எடுத்த நடவடிக்கையின் கோப்பு நகல், குறிப்புப் பக்கங்களோடு" என்று கேளுங்கள். 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே ஆபீசின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. மாநில அரசின் குறைதீர் எண் 1902இலும் பதிவு செய்து, வருகிற எண்ணை உங்கள் பிரதியில் எழுதி வையுங்கள்.

நடுவில் பிடிஓ மாறுதலாகிப் போவார், இது அடிக்கடி நடக்கும். புதியவர் வந்த வாரமே சீல் போட்ட பிரதிகளையும் நடாவளி நகலையும் ஒரு செட் எடுத்துக்கொண்டு போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பழைய கோப்பைத் தேடி எடுக்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டாம், உங்கள் செட்டையே புதிய அர்ஜியாகக் கொடுத்து மறுபடி சீல் வாங்கிவிடுங்கள்.