அம்பாசடரில் தண்ணீர் குறைகிறதா? வெல்ஷ் பிளக்கை வீட்டிலேயே மாற்றலாம்

ரேடியேட்டரில் தினமும் அரை லிட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. ஹோஸ், வாட்டர் பம்ப் இரண்டையும் மாற்றிக் காசைக் கரைத்த பிறகுதான் எஞ்சின் பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடலின்) பக்கவாட்டில் துருக்கோடு ஒன்று வழிந்து காய்ந்திருந்தது கண்ணில் பட்டது. என் வண்டி 1978 மாடல் அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல்.

பிளாக்கை வார்க்கும்போது உள்ளே தண்ணீர் வழிக்காக வைத்த மணலை வெளியே எடுக்கத் துளைகள் விடுவார்கள். அவற்றை அடைக்கும் தகடுதான் வெல்ஷ் பிளக். வெறும் போர்த் தண்ணீரில் ஓடும் வண்டிகளில் அது உள்ளிருந்தே அரித்துப்போகிறது. ஒன்று போனால், கைக்கு எட்டும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் நன்றாக ஆறிய பின் பேட்டரியைக் கழற்றி, ரேடியேட்டரையும் பிளாக்கையும் வடிய விடுங்கள். பிளாக் குழாயைத் திறந்தும் ஒரு சொட்டு வரவில்லை என்றால் கம்பியால் குத்துங்கள். எனக்குச் செம்மண் குழம்புபோல ஒரு குவளை வந்தது.

பழைய தகட்டின் நடுவில் பஞ்ச் எனும் துளையிடும் உளியால் துளையிட்டு நெம்பி எடுங்கள். ஆழமாகக் குத்த வேண்டாம். பின்னாலேயே சிலிண்டர் சுவர் இருக்கிறது. துளையின் விளிம்பை எமரித் தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, விட்டத்தை வெர்னியரில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். இரும்பைவிட விலை கூடினாலும் பித்தளைதான் வாங்குவேன். துருப்பிடிக்காது.

விளிம்பில் மெல்லிய பூச்சாக சீலன்ட் தடவி, தகட்டின் குவிந்த முகம் வெளியே தெரியும்படி வையுங்கள். தட்டைமுனை கொண்ட உருளைக் கம்பியை நடுவில் வைத்துச் சுத்தியலால் அடித்தால், குவிவு தணிந்து, தகடு அகன்று, ஓரம் துளையைக் கவ்விக்கொள்ளும்.

நான் சறுக்கியது இங்கேதான். பிடித்துவிட்டது என்று தெரிந்தும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் நான்கு அடி போட்டேன். தகடு உள்பக்கம் குழிந்தது. குழிந்தால் ஓரம் மறுபடி சுருங்கிப் பிடி விட்டுவிடும். மறுநாள் தண்ணீர் ஊற்றியதும் தரையில் குட்டை. குவிவு ஏறக்குறைய மட்டமானதும் சுத்தியலைக் கீழே வைத்துவிடுங்கள்.

ஒரு நாள் காய விட்டு, வெறும் தண்ணீர் ஊற்றி எஞ்சினைச் சூடேற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவு இல்லையென்றால் அதை வடித்துவிட்டுக் கூலன்ட் நிரப்பலாம்.

பின்சேர்க்கை: கிண்ணம் போன்ற பிளக் உள்ள வண்டி வைத்திருக்கும் நண்பர், பழையதைக் கழற்ற நேராக அடித்ததில் அது தண்ணீர் அறைக்குள் விழுந்துவிட்டது என்றார். அந்த வகையில் ஒரு ஓரத்தை மட்டும் மெதுவாகத் தட்டுங்கள். மறு ஓரம் வெளியே திரும்பும்; இடுக்கியால் பிடித்து இழுக்கலாம். அவருடையது இரும்பாக இருந்ததால் காந்தத்தில் ஒட்டி வந்தது. பித்தளை விழுந்தால் காந்தம் உதவாது, வளைந்த கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.