கிரனாடாவுக்குப் படிக்க வருகிறீர்களா? முதலில் கேட்கப் பழகுங்கள்

தெற்கு ஸ்பெயினில் உள்ள கிரனாடாவுக்கு மேற்படிப்புக்கோ ஒரு பருவப் பரிமாற்றத்துக்கோ வருபவர்களுக்கு முதல் மாதம் அலைச்சலிலேயே போய்விடும். அறை பிடிக்க வேண்டும், வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். அதற்கெல்லாம் வழி சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது இந்த ஊரின் பாட்டான ஃப்ளமெங்கோவைப் பற்றி. அதையும் முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். எனக்கு இங்கே மொழியும் மனிதர்களும் கிடைத்தது அந்த வழியாகத்தான்.

வந்த வாரத்திலேயே யாராவது உங்களைச் சாக்ரோமோன்தே குன்றுக்கு அழைத்துப் போவார்கள். வெள்ளையடித்த குகை வீடுகளில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஃப்ளமெங்கோ ஆட்டம் நடக்கும். ஒருமுறை போய்ப் பாருங்கள், தவறில்லை. ஹிதானோ எனப்படும் இங்குள்ள ஜிப்சி மக்களின் கல்யாண ஆட்டங்களிலிருந்து வந்த மரபு அந்தக் குகைகளில் இன்னும் இருக்கிறது. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். பயணிகளுக்கு ஃப்ளமெங்கோ என்றால் ஆட்டம். ஊர்க்காரர்களுக்குப் பாட்டுதான் முதலில், அதற்குப் பிறகுதான் கிதாரும் ஆட்டமும்.

அந்தப் பாட்டைக் கேட்கப் பேஞாவுக்குப் போக வேண்டும். பேஞா என்பது ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். கிரனாடாவின் அல்பைசின் பகுதியில் இருக்கும் லா பிளாத்தேரியா 1949இல் தொடங்கியது. ஸ்பெயினிலேயே பழைய பேஞா அதுதான் என்று சொல்வார்கள். உறுப்பினர் அல்லாதவர்களை எந்த இரவில் உள்ளே விடுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். மேடை சிறியது. பாடகரும் கிதார்க்காரரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். நிகழ்ச்சி இரவு ஒன்பது, பத்து மணிக்குத்தான் சூடுபிடிக்கும். மறுநாள் காலையில் வகுப்பு இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

அங்கே எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பாடகர் ‘ஆய்...’ என்று குரலைச் சரிசெய்துகொள்ளத் தொடங்கியதுமே பேச்சை நிறுத்திவிடுங்கள். பாட்டு அங்கேயே தொடங்கிவிட்டது. கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். தாளம் பிடிபடும்வரை கைதட்டாதீர்கள். ஒருவர் பிசகாகத் தட்டினால் பாடுபவருக்குத் தொல்லை. பாடகர் ஓர் அடியை ஏற்றி இறக்கி முடிக்கும் இடத்தில் பின்வரிசைப் பெரியவர் ஒருவர் மெதுவாக ‘ஓலே’ என்பார். கச்சேரியில் நிரவல் வந்து விழும்போது மாமா ஒருவர் ‘பலே’ என்பாரே, அதே மாதிரி. அவர் எந்த இடத்தில் சொல்கிறார் என்று கவனியுங்கள். பாட்டு புரிந்ததா என்பதற்கு அதுதான் அளவு.

தாளத்தைச் சொல்கிறேன். நீங்கள் அடிக்கடி கேட்கப்போவது பன்னிரண்டு எண்ணிக்கைச் சுற்று. சொலேயா என்ற நிதானமான வகையில் 3, 6, 8, 10, 12 ஆகிய எண்களில் அழுத்தம் விழும். அதாவது இரண்டு மூன்றுகள், பிறகு மூன்று இரண்டுகள். அதே சுற்று வேகமெடுத்தால் புலேரியாஸ். கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு எண்ணுவது எளிது, பழக்கத்தை விடுவதுதான் கடினம். நமக்குத் தாளச் சுற்றின் தொடக்கமான சமம் முதல் எண்ணில் வரும். இங்கே சொற்றொடர் பத்தில் போய் முடியும், 11, 12 மூச்சு விடும் இடம். பத்தைப் பிடித்துவிட்டீர்களென்றால் மற்றது தானாக வரும். தொடக்கத்துக்கு நான்கு எண்ணிக்கையில் வரும் தாங்கோஸ் வகை போதும், சாக்ரோமோன்தேவில் அதற்குத் தனி நடையே உண்டு. கிரனாயினா என்ற வகை இந்த ஊருக்கே உரியது. அதற்குக் கட்டுத்தாளம் கிடையாது, எண்ணிக்கொண்டிருக்காமல் கேளுங்கள்.

ஆட்ட வகுப்பில் சேரக் காசும் முழங்காலும் வேண்டும். கைத்தாள வகுப்பு சிக்கனம், பயனும் அதிகம். உள்ளங்கையைக் குழித்துத் தட்டும் மந்தமான ஓசை, விரல்களால் தட்டும் கூர்மையான ஓசை என்று இரண்டையும் சொல்லித்தருவார்கள். பாட்டு மெல்லப் போகும்போது மந்த ஓசைதான் தட்ட வேண்டும். அக்கம்பக்கத்துப் பயிற்சிக்கூடங்களில் விசாரியுங்கள். உங்களோடு கற்க வருபவர்களில் உள்ளூர்ப் பெண்களும் ஓய்வுபெற்றவர்களும் இருப்பார்கள். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களோடு ஆங்கிலத்திலேயே காலம் தள்ளிவிட முடியும், அங்கே முடியாது. சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’ஸை விழுங்கும், இந்தத் தெற்கு ஸ்பெயினுக்கே உரிய ஆந்தலூசியப் பேச்சு காதுக்குப் பழகுவதும் அங்கேதான்.

வீட்டில் கேட்க: ஸ்பெயின் அரசுத் தொலைக்காட்சி 1971 முதல் 1973 வரை எடுத்த ‘ரீதோ இ ஹெயோகிராஃபியா தெல் கான்தே’ தொடரைத் தேடிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில், மதுக்கடைகளிலும் வீட்டு முற்றங்களிலும் பழைய பாடகர்கள் பாடுவதைப் படமாக்கியிருக்கிறார்கள். அப்புறம் அல்பைசினில் பிறந்த என்ரிக்கே மொரெந்தே. 1996இல் உள்ளூர் ராக் குழுவோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ‘ஒமேகா’ தொகுப்பை வகுப்புத் தோழர்களிடம் சொல்லிப் பாருங்கள், ரெகேதோன் என்ற இன்றைய நடனப்பாட்டு மட்டும் கேட்பவர்கள்கூடப் பேச உட்காருவார்கள். மரபு கெட்டுப்போகிறது என்ற கவலையும் இங்கே பழசுதான். இசையமைப்பாளர் ஃபாயாவும் கவிஞர் லோர்காவும் மற்றவர்களும் அந்தக் கவலையில்தான் 1922 ஜூனில் அல்ஹம்ப்ரா கோட்டையில் தொழில்முறைப் பாடகர்களைச் சேர்க்காமல் பாட்டுப்போட்டி நடத்தினார்கள். பரிசு பெற்றவர்களில் ஒருவர் முதியவர், இன்னொருவர் சிறுவன். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் புகழ்பெற்ற மனோலோ கராகோல்.

நீங்கள் இந்தியர் என்று தெரிந்ததும், ‘ஹிதானோக்கள் உங்கள் ஊர்க்காரர்கள்தானே’ என்று யாராவது சொல்வார்கள். அவர்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள் என்பது உண்மைதான். அதற்காக ஃப்ளமெங்கோ நம்முடையது என்று பேசாதீர்கள். இது ஆந்தலூசிய மண்ணில், ஹிதானோக்களும் ஏழை உழவர்களும் இன்னும் பலரும் சேர்ந்து வளர்த்த கலை. 1749இல் அரசே ஹிதானோக்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்து அடைத்துவைத்த நாடு இது. அந்த வரலாற்றைப் படித்துவிட்டுப் போனால் பாட்டில் இருக்கும் சிறையும் பிரிவும் வேறு மாதிரி கேட்கும்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தின் புதன்கிழமை இரவை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஹிதானோக்களின் கிறிஸ்து என்று அழைக்கப்படும் சிலுவை, சாக்ரோமோன்தே மடத்தை நோக்கிக் குன்றேறும். வழியில் தீ மூட்டியிருப்பார்கள். யாராவது துணைக்கருவி எதுவுமில்லாமல் சாயெத்தா என்ற பக்திப் பாட்டைப் பாடத் தொடங்கினால் ஊர்வலம் அப்படியே நின்று கேட்கும். மலைக்குளிர் இருக்கும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் உள்ளூர் மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தனிமை கடிக்கும் அந்த வாரங்களில் ஹெரெஸ் நகரத்துக்குப் போய்வாருங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரக் கடைசிகளில் அங்கே சதுக்கங்களிலும் முற்றங்களிலும் ஸாம்போம்பா நடக்கும். தீயைச் சுற்றி வட்டமாக நின்று ஊரே கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் புலேரியாஸ் தாளத்தில் பாடும். தெரியாதவர்களும் வட்டத்தில் சேரலாம், கற்ற கைத்தாளம் அங்கே உதவும். செவில் வழியாக ரயிலில் போகலாம். தங்க இடத்தை நவம்பரிலேயே பிடித்துவிடுங்கள், பிறகு கிடைப்பது கஷ்டம்.