செங்காந்தள் வளர்க்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஆடி பிறந்தால் செங்காந்தள் கிழங்கு கேட்டு ஆட்கள் வருவார்கள். தை பிறந்தால் அவர்களில் பாதிப் பேர் முகம் வாடி வருவார்கள். "செத்துவிட்டது" என்பார்கள். பெரும்பாலும் அது செத்திருக்காது. அப்படி நினைத்துக்கொண்டு அதன்பின் இவர்கள் செய்த காரியத்தில்தான் செத்திருக்கும். இவை எல்லாமே இந்தச் செடியை வளர்க்கும் யாரும், என்னையும் சேர்த்து, ஒரு சுற்று செய்து பார்த்த தவறுகள். அதனால் எது எங்கே முடியும் என்று முன்கூட்டியே தெரிகிறது.

மாநில மலர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்றால் கிராமத்தில் உடனே புரியும். கள்ளிவேலியிலும் இலந்தைப் புதரிலும் யாரும் தண்ணீர் விடாமல் ஏறிக்கிடந்த கொடி இது. உயிர்வேலிகள் போய்க் கம்பிவேலியும் காம்பவுண்டுச் சுவரும் வந்தன. மருந்துக்கென்று தோண்டியவர்களும் தோண்டித் தீர்த்தார்கள். இப்போது வழியில் தற்செயலாகக் கண்ணில் பட்டால் அது அதிர்ஷ்டம். வெயில் படும் இடம் வேண்டும், தொட்டியின் அடியில் ஓட்டை வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

வேலியில் இருப்பதைத் தோண்டுவது

கூடாது. ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காக வயலிலேயே பயிரிடுகிறார்கள். கிழங்கை அங்கே வாங்குங்கள்.

முனை போன கிழங்கு

கிழங்கு கவட்டை வடிவில் இரண்டு கைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். அது ஒடிந்துவிட்டால் அந்தக் கை முளைக்காது. எவ்வளவு பருமனாக இருந்தாலும் பயனில்லை. உருளைக்கிழங்கு என்று நினைத்து நான்கு துண்டாக வெட்டி நட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு முளைத்தது நடுத்துண்டுகளில் அல்ல, நுனித்துண்டுகளில் மட்டும்தான், அதுவும் நோஞ்சானாக. இரண்டு கைகளையும் சேரும் கணுவில் பிரிக்கலாம். அதற்குமேல் கத்தி வேண்டாம்.

வாங்கும்போது எடையைப் பார்க்காதீர்கள், நுனியைப் பாருங்கள். பையில் போட்டு வண்டியில் தொங்கவிட்டு வந்தால் வீடு வருவதற்குள் நுனி போயிருக்கும். காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள். நடும்போது படுக்கைவசமாக, நாலு விரல்கடை ஆழத்தில் வைத்தால் போதும்.

காய்ந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இது.

"வறட்சி தாங்கும் செடி" என்று ஒரு வரி சொல்லிவிடுகிறோம். எப்படித் தாங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. எருக்கும் ஆவாரையும் மே மாத வெயிலிலும் இலையோடு நிற்கின்றன. செங்காந்தள் அந்த ஜாதி இல்லை. மழைக்காலத்தில் வேகமாக வளர்ந்து, பூத்து, காய்த்து, சேர்த்ததையெல்லாம் புதுக் கிழங்கில் பத்திரப்படுத்திவிட்டு, மண்ணுக்கு மேலே இருப்பதை உதறிவிடுகிறது. வறட்சி வரும்போது அது மேலே இருப்பதே இல்லை. ஆடியில் முளை, ஐப்பசி கார்த்திகையில் பூ, மார்கழி தையில் மஞ்சள், பிறகு வைகாசி வரையில் தூக்கம்.

இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் வறட்சிச் செடிதானே என்று, பச்சையாக இருக்கும்போது தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். பூவும் குறைகிறது, கிழங்கும் சுண்டுவிரல் அளவில் நின்றுவிடுகிறது. அது போனால் போகட்டும், அடுத்த ஆண்டு தேறிவிடும். இரண்டாவது வகையினர்தான் ஆபத்தானவர்கள், ஏனென்றால் அவர்கள் நல்லவர்கள்.

பக்கத்துத் தெரு அக்கா ஒருவருக்கு இரண்டு கிழங்குகள் கொடுத்திருந்தேன். கார்த்திகையில் மாடிக் கைப்பிடிச் சுவரெல்லாம் பூ. மார்கழிக் கடைசியில் என்னிடம் வந்து, "தம்பி, இலையெல்லாம் மஞ்சளடிக்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன், உரமும் வைத்துவிட்டேன், தேறவே மாட்டேன் என்கிறது" என்றார். உடனே நிறுத்துங்கள் என்றேன். "கண்ணெதிரே செடி வாடும்போது எப்படித் தம்பி ஊற்றாமல் இருப்பது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மனசு கேட்காமல் மறைவாக ஊற்றியிருக்கிறார்.

மாசியில் தொட்டியைக் கவிழ்த்தோம். கிழங்கு மேலுக்கு முழுசாகத்தான் தெரிந்தது. எடுக்கப் போனால் தோல் மட்டும் கையோடு வந்தது. உள்ளே இருந்தது சாம்பல் நிறக் கூழாக மண்ணில் வழிந்தது. நாற்றம் கையைவிட்டுப் போக நாளாயிற்று. நல்ல கிழங்கென்றால் அந்த நேரத்தில் தோல் பழுப்பாக, அழுத்தினால் விரல் பதியாத கெட்டியில் இருக்க வேண்டும்.

இலை போன கிழங்கு தண்ணீரை இழுப்பதில்லை. ஊற்றும் நீரைக் குடிக்க ஆளில்லாமல் மண் ஈரத்திலேயே கிடக்கிறது. அந்த ஈரத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். உரம் வைத்தால் இன்னும் சீக்கிரம்.

இதைவிட மோசமாக ஒன்றையும் பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவர் கொடி காய்ந்ததும், தொட்டி சும்மாதானே இருக்கிறது என்று அதே மண்ணில் கொத்தமல்லி தூவிவிட்டார். கீழே கிழங்கு இருப்பது அவர் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. கொத்தமல்லிக்குத் தினமும் தண்ணீர். கிழங்கு அழுகியது ஒரு பக்கம். நஞ்சுக்கிழங்கு புதைந்த தொட்டியிலிருந்து சமையலுக்குக் கீரை கிள்ளியது இன்னொரு பக்கம். கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆக, செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாதி இலை மஞ்சளானதும் தண்ணீரைக் குறையுங்கள். தண்டு பழுப்பேறியதும் அடியோடு நிறுத்துங்கள். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். காய்ந்தால் தானே கழன்று வரும். தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிட்டு, கோடைமழை படாத தாழ்வாரத்தில் ஒதுக்கி வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தொட்டியின் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். தரையில் நட்டவர்கள், தண்ணீர் தேங்கும் இடமென்றால், கிழங்கைத் தோண்டி உலர்ந்த மணலில் வைப்பது நல்லது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வியர்த்து அழுகிவிடும்.

தோண்டும்போது புதுக் கிழங்கை ஒட்டிப் பழைய கிழங்கு சக்கையாகச் சுருங்கிக் கிடக்கும். ஆண்டுதோறும் அப்படித்தான், பழையது தீர்ந்து புதியது உருவாகிறது. அந்தச் சக்கையைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் சேர்த்துக் குப்பையில் கொட்டியவர்களும் இருக்கிறார்கள். வைகாசி ஆனியில் நுனி வெளுத்துப் புடைத்தால் விழித்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் அப்போதுதான்.

தடிமனான கம்பு

இந்தக் கொடி பற்றுவது இலை நுனியால். நுனி சுருண்டு பற்றுகம்பியாக மாறும். பிளாஸ்டிக் குழாயையும் மூங்கிலையும் அதனால் சுற்ற முடியாது. விளக்குமாற்றுக் குச்சி அளவுச் சுள்ளிகள், சணல், கோழிவலை, இவை போதும். ஒரு முறை பற்றியபின் இடம் மாற்றிக் கட்டாதீர்கள், நுனி கிழியும்.

புழுவை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது

கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழு. நாளைக்கு இலை இருக்காது. கையுறை போட்டுக்கொண்டு இன்றே பொறுக்குங்கள்.

விதையிலிருந்து தொடங்குவது

மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க முடிந்தால் செய்யுங்கள்.

நஞ்சு என்பதைச் சும்மா சொல்கிறார்கள் என்று நினைப்பது

சும்மா இல்லை. செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். இதிலுள்ள கோல்கிசினைத்தான் யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு மருந்தாகத் தருகிறார்கள். அந்த மாத்திரை ஒன்றில் இருப்பது 0.5 மில்லிகிராம். அளவு மீறினால் ஆளைக் கொல்லும் பொருளை, கிழங்காகக் கையில் வைத்திருக்கிறோம்.

சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் இலங்கையிலும் இங்கும் இறந்திருக்கிறார்கள். எனவே கிழங்கைச் சமையலறையிலோ காய்கறிக் கூடைக்குப் பக்கத்திலோ வைக்கவே கூடாது. தவழும் குழந்தையோ, எதையும் கடிக்கும் நாய்க்குட்டியோ, அவிழ்ந்து திரியும் ஆடோ இருக்கும் வீட்டில் இந்தச் செடி வேண்டாம். குழந்தை வளரட்டும், பிறகு பார்க்கலாம்.

யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி தெரியவே சில மணி நேரம் ஆகும். வாந்தியும் பேதியும் நின்று ஆள் தெளிந்தது போல இருந்து, அதன்பின் உள்ளுறுப்புகள் செயலிழப்பதும் உண்டு. கைவைத்தியம் எதுவும் செய்யாமல், தின்றதில் மிச்சம் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

பூவை நீளத் தண்டோடு வெட்டுவது

முதலில் பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, நாளுக்கு நாள் சிவப்பேறி, கடைசியில் முழுச் சிவப்பாக நிற்கும் பூவைப் பறிக்க யாருக்கும் கை துறுதுறுக்கும். பறியுங்கள். காம்போடு மட்டும் கிள்ளுங்கள், கையைக் கழுவிக்கொள்ளுங்கள். ஜாடியில் அழகாக நிற்க வேண்டும் என்று ஒரு முழம் தண்டை இலைகளோடு வெட்டினால், அடுத்த ஆடியில் கிழங்கு கேட்டு மறுபடியும் என்னிடம்தான் வருவீர்கள்.